2100-இல் ஒரு சஹாரா ஊர்: கதை எழுதத் தொடங்குவது எப்படி

வட ஆப்பிரிக்காவின் எதிர்காலத்தை வைத்து ஆஃப்ரோஃபியூச்சரிசக் கதை, அதாவது கறுப்பின மக்களின் வரலாற்றிலிருந்து அவர்களின் எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் கதை, எழுத உட்கார்ந்தால், விண்கலத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீரில் ஆரம்பியுங்கள்.

தெற்கு அல்ஜீரியாவில் அத்ரார் நகரைச் சுற்றியுள்ள துவாத் பகுதியையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஃபொகாரா என்று ஒன்று உண்டு. வரிசையாகக் கிணறுகள், அவற்றின் அடியை இணைத்து லேசான சரிவில் ஒரு சுரங்க வாய்க்கால். மோட்டாரே இல்லாமல் நிலத்தடி நீர் பேரீச்சந் தோப்புக்கு வந்துவிடும். வெளியே வந்ததும் சீப்புப் பல் மாதிரி வெட்டிய கல்லில் நுழைந்து பங்கு பங்காகப் பிரியும். நீரை அளப்பவர் துளையிட்ட செப்புத் தகட்டை வைத்து, வேண்டாத துளைகளைக் களிமண்ணால் அடைத்து, யாருக்கு எவ்வளவு என்று கணக்குச் சொல்வார். இந்த அறிவை யுனெஸ்கோ 2018-இல் அவசரமாகக் காக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது.

அப்புறம், அந்தச் சுரங்கத்தைத் தோண்டியது யார் என்று கேளுங்கள். எனக்கு இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் விட முக்கியம். பெரும்பாலும் சஹாராவுக்குத் தெற்கிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளும், ஹராத்தீன் எனப்படும் கறுப்பின உழைப்பாளர்களும்தான். விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் கூலியாகப் பெற்று உழைத்தவர்கள் ஹராத்தீன்கள். கடந்த காலம் அழிக்கப்பட்ட மக்கள் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்வார்கள் என்ற கேள்வியோடுதான் 1990-களில் அமெரிக்காவில் ஆஃப்ரோஃபியூச்சரிசம் என்ற சொல்லே பிறந்தது. ஆகவே இவர்களை விட்டுவிட்டு வெறும் சோலார் பலகையும் கண்ணாடிக் கோபுரமுமாக வரைந்தால் அந்தப் பெயருக்கு அர்த்தமே இல்லை.

"ஆளில்லாத மணல்வெளி" என்று ஒரு வரி வந்துவிட்டால் உடனே அடித்துவிடுங்கள். 1960 பிப்ரவரி 13 அன்று பிரான்ஸ் தன் முதல் அணுகுண்டை வெடித்தது இதே பகுதியின் ரெக்கான் அருகில்தான். அதைச் சுற்றி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். உங்கள் 2100-இலும் அந்த மண்ணில் கதிர்வீச்சின் எச்சம் இருக்கும், அதை மறைக்காதீர்கள்.

மொழியையும் யோசியுங்கள். பெர்பர் மக்களின் மொழியான தமாஸிக்த் 2016-இல் அல்ஜீரியாவின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. ஊர்ப் பலகையில் அந்த மொழிக்குரிய திஃபினாக் எழுத்து இருக்குமா, அரபியும் கூடவே வருமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, முதல் காட்சி சின்னதாக இருக்கட்டும். விடியற்காலை. ஹராத்தீன் குடும்பத்துப் பெண் ஒருத்தி செப்புத் தகட்டை நீரில் வைத்து அளக்கிறாள், பக்கத்தில் சென்சார் திரை வேறு அளவு காட்டுகிறது, பங்குக்காரர்கள் கரையில் காத்து நிற்கிறார்கள். அவள் எந்தக் கணக்கைச் சொல்கிறாள்? அங்கிருந்து எழுதுங்கள்.