காரில் குழந்தை இருக்கையைச் சரியாகப் பொருத்துவது எப்படி?

கார் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் எதன் மீதாவது மோதி நின்றால், மடியிலிருக்கும் பத்து கிலோ குழந்தையை எவ்வளவு இறுக அணைத்திருந்தாலும் கைகளால் பிடித்துவைக்க இயலாது. 14 வயதுக்குட்பட்ட குழந்தையைச் சீட் பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ பாதுகாக்காமல் வண்டி ஓட்டுபவருக்கு இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. ஆனால் இருக்கையை வாங்கினால் மட்டும் போதாது. அது தளர்வாக இருந்தால் பயனில்லை.

பின்வரிசையே அதற்கு உரிய இடம். பின்சீட்டின் சாய்மானமும் அமரும் பகுதியும் சேரும் இடுக்கில் தடவிப் பார்த்தால், 28 செ.மீ. இடைவெளியில் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். ஐசோஃபிக்ஸ் எனப்படும் இவற்றில் குழந்தை இருக்கையின் கொக்கிகளை 'கிளிக்' என்ற ஒலி கேட்கும்வரை அழுத்தி, இருபுறமும் அடையாளம் பச்சையாக மாறியதா என்று பாருங்கள். அத்துடன் நிறுத்திவிடுபவர்களே அதிகம். மோதலில் இருக்கையின் மேற்பகுதி முன்னோக்கிச் சாயாமல் தடுப்பது மூன்றாவது பிடிமானம்தான் என்பதால், மேல் பட்டையை சீட்டின் பின்புறக் கொக்கியில் மாட்டி இறுக்குங்கள். தாங்குகால் உள்ள இருக்கையாக இருந்தால், அது தரையில் நன்கு ஊன்றியிருக்க வேண்டும். பிறகு அடிப்பகுதியைப் பிடித்து ஆட்டினால் 2.5 செ.மீ.க்கு மேல் அசையக்கூடாது.

குறைந்தது 15 மாதம் வரை, முடிந்தால் அதற்குப் பிறகும், குழந்தை பின்னோக்கியே அமர வேண்டும். சிசுவின் தலை உடலோடு ஒப்பிட மிகவும் கனமானது. கழுத்தெலும்புகளும் இன்னும் முற்றாதவை. பின்னோக்கி அமரும்போது மோதலின் விசை முதுகு முழுவதிலும் பரவிவிடும். அத்தகைய இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். விரியும் பை இருக்கையின் முதுகை அறையும் வேகம் குழந்தையின் உயிரையே பறிக்கக்கூடும்.

குழந்தையின் தோள்மேல் வரும் இருக்கைப் பட்டைகள், பின்னோக்கிய இருக்கையில் தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, முன்னோக்கிய இருக்கையில் தோளின் மட்டத்திலோ சற்று மேலேயோ தொடங்க வேண்டும். தடித்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் பட்டையை இறுக்கி, தோளருகே இரு விரல்களால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காரில் உலோகப் பக்கிள் தோலைச் சுட்டுவிடும் என்பதால், மாட்டுவதற்கு முன் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த பிள்ளைக்கு, காரின் பெல்ட் வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பின் மீதும், கழுத்தில் உரசாமல் தோளின் நடுவிலும் படியும்வரை பூஸ்டர் (பிள்ளையை உயர்த்தி அமரவைக்கும் இருக்கை) தேவை. பழைய இருக்கையை வாங்குவதாயின், அது விபத்தில் சிக்கியதா என்று கேட்டறியுங்கள். உறுதியான பதில் கிடைக்காவிட்டால் வாங்காதீர்கள்.