எஃப்டி8 இயக்கும் முன் கணினியின் கடிகாரத்தைச் சரிபாருங்கள்

அமெச்சூர் வானொலியில் எஃப்டி8 என்னும் எண்முறையில் குறுஞ்செய்திகளைப் பரிமாற உதவும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளின் திரையில் சமிக்ஞைகள் தெளிவாகத் தெரிந்தும் ஒரு செய்திகூடப் படிக்கக் கிடைக்கவில்லை என்றால், ஆன்டெனாவைச் சந்தேகிக்கும் முன் கணினியின் நேரத்தைப் பாருங்கள். என் கருத்தில் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுவே. 2017இல் அறிமுகமான எஃப்டி8 முறையில் பரிமாற்றங்கள் 15 விநாடிச் சுற்றுகளில் நடைபெறுவதால், கடிகாரம் சில விநாடிகள் பிசகினாலே தொடர்பு கெட்டுவிடும். லினக்ஸில் குரோனி என்னும் கட்டற்ற நிரலை நிறுவினால், அது இணைய நேர வழங்கிகளோடு ஒப்பிட்டுக் கடிகாரத்தைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்கும். இணையம் எட்டாத இடங்களிலிருந்து இயக்குவோர் யூஎஸ்பி ஜிபிஎஸ் கருவியை ஜிபிஎஸ்டி என்னும் நிரல் வழியாகக் குரோனியுடன் இணைத்துக்கொள்ளலாம். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் திரையில் நேர வேறுபாட்டை விநாடிகளில் காட்டும் டிடி என்ற நெடுவரிசையில் பெரும்பாலான நிலையங்களின் எண்கள் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் உங்கள் நேரம் சரியாக உள்ளது; எல்லாமே ஒரே பக்கமாக விலகியிருந்தால் உங்கள் கடிகாரத்தைத்தான் திருத்த வேண்டும்.