மூன்று நாள் அலையவைத்த லிங்க் ராடு
எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் பறித்த பள்ளங்களில் காரின் முன் இடது பக்கம் ‘டக் டக்’ என்றது. மெக்கானிக் சொன்னபடி ஷாக் அப்சார்பரை மாற்றியும் நிற்கவில்லை. ஜாக்கி போட்டு ஆட்டினேன், எதுவும் ஆடவில்லை. மூன்று நாள் போச்சு.

அப்புறம்தான் கவனித்தேன்: இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும் வேகத்தடையில் சத்தமே இல்லை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால்தான். அப்படியானால் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு! வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரை சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் கம்பி அது. ஜாக்கியில் ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் அந்த பார் முறுகி லிங்க்கை இறுக்கிவிடும், தேய்மானம் தெரியாது. சக்கரம் தரையில் இருக்கும்போது அசைத்தேன், லொடலொடத்தது.

காசிமேட்டு உப்புக்காற்றில் நட்டு துருவேறிக் கிடந்தது. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தேன். கழற்றும்போது போல்ட்டும் கூடவே சுற்றும். அதன் நுனியில் ஆலன் கீ (அறுகோணச் சாவி) செருகிப் பிடிக்க வேண்டும். முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் ஏற்றியதால் பார் முறுகாமல் புது லிங்க் கையாலேயே துளையில் உட்கார்ந்தது. அப்பாடா.