வடசென்னையில் மேப் கருத்தரங்கு நடத்தப் போகிறீர்களா? பேச்சாளர்களைப் பிடிப்பது இப்படி

தண்டையார்பேட்டை பக்கம் ஒரு சின்ன மண்டபம், எண்பது பேர், ஒரு நாள், பொருள் இணைய வரைபடம். இப்படி ஒன்றை நடத்த ஆசைப்படுகிறவர்கள் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும்தான் முதலில் அலைகிறார்கள். அதெல்லாம் ஒரு வாரத்தில் முடிகிற வேலை. பேச்சாளர்களுக்குத்தான் இரண்டு மாதம் வேண்டும், அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆளைத் தேடுவதற்கு முன்னால் கேள்வியைத் தேடுங்கள். நாலு பேர் சேர்ந்து கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காலை வேளையில் போய் நில்லுங்கள். கேட் மூடியதும் பைக், ஷேர் ஆட்டோ, தண்ணி லாரி எல்லாம் எத்தனை நிமிடம் நிற்கின்றன என்று பார்த்துவிட்டு, அதே இடத்தில் போனை எடுத்து வழி கேளுங்கள், போன் சொல்கிற நேரத்தையும் நீங்கள் நின்ற நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். வழி கண்டுபிடிக்கும் மென்பொருள் பற்றிப் பேச வருகிறவரிடம் அந்தத் தாளைக் கொடுங்கள். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடியிலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் எந்த வழியில் போகும், அந்தப் பாதை மூடியிருப்பது மேப்புக்கு எப்படித் தெரியும்? இதுவும் நல்ல கேள்வி. ‘ஜியோஸ்பேஷியல் (புவியிடத் தகவல்) தொழில்நுட்பத்தின் எதிர்காலம்’ என்று தலைப்பு கொடுத்தால் வேறு ஊரில் பேசிய ஸ்லைடுதான் இங்கேயும் வரும், அதற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சரி, ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்? யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் உங்கள் ஏரியாவைத் திரையில் வைத்துக்கொண்டு திருத்த வரலாற்றைத் திறந்து பாருங்கள். ராயபுரத்துச் சந்துகளையும் திருவொற்றியூர் தெருக்களையும் யார் உட்கார்ந்து வரைந்தார்கள் என்பது கணக்குப் பெயரோடு இருக்கும், அவர்களுக்கு அங்கேயே செய்தி அனுப்பலாம். மேடையே ஏறாத பெரிய நிபுணர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில், தண்ணீர் நிற்கிற தெருவைத் தொட்டுக் குறிக்கிற மேப் ஒன்று ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்துத்தான் சென்னைக்காக உருவானது, அந்த நாட்களில் வேலை செய்த அனுபவம் உள்ள ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். செயற்கைக்கோள் படங்களைப் பற்றிப் பேச அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

நிரல் எழுதுகிறவர் ஒருவராவது கட்டாயம் வேண்டும். இணையப் பக்கத்தில் மேப்பைக் காட்ட உதவும் லீஃப்லெட், மேப்லிப்ரே போன்ற நிரல் தொகுப்புகளில் தினமும் கை வைக்கிறவராக இருக்கட்டும். அவருக்கு நம்ம பக்கத்துக் கேள்வி ஒன்று இருக்கிறது: மேப்பில் ‘கொருக்குப்பேட்டை’ என்று தமிழில் பெயர் போடச் சொல்லுங்கள். வெக்டார் டைல் வரைபடங்களில், அதாவது படமாக வராமல் தரவாகத் துண்டு துண்டாக வந்து நம் திரையிலேயே வரையப்படுகிற மேப்களில், கொம்பு இடம் மாறி, எழுத்து சிதறி விழுகிற சிக்கல் பல வருடங்களாகவே இருந்து வருகிறது. அது ஏன் வருகிறது, எப்படிச் சமாளிக்கலாம் என்று ஒருவர் திரையில் செய்து காட்டினால் அந்த அரை மணி நேரத்துக்காகவே ஆட்கள் வருவார்கள். நம் தெருப் பெயரை நம் எழுத்தில் ஒழுங்காகப் படிக்க முடியவில்லை என்றால் எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

காசிமேட்டிலிருந்து ஒரு விசைப்படகு ஓட்டுநரை அழையுங்கள். நடுக்கடலில் வலை மாட்டுகிற இடத்தையும் மீன் கிடைக்கிற இடத்தையும் ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்துக்கொண்டு திரும்பப் போகிறவர் அவர், வரைபட நிபுணர் இல்லாமல் வேறு யார்? ஆனால் அவரை மைக் முன்னால் தனியாக நிறுத்தாதீர்கள். ‘அண்ணே, கருவியை எடுத்துட்டு வாங்க, நான் கேட்கிறேன், நீங்க சொல்லுங்க’ என்று பக்கத்தில் உட்கார்ந்து உரையாடலாக நடத்துங்கள். மீன் கிடைக்கிற இடத்தைத் திரையில் காட்டச் சொல்லாதீர்கள், அது அவருடைய பிழைப்பு. எல்லோருக்கும் கொடுக்கிற அதே மரியாதைத் தொகையை அவருக்கும் கொடுங்கள்.

ஒத்திகை வேண்டும், முந்தின நாள் சாயங்காலமே. நாங்கள் நடத்தியபோது ஒருவருடைய மேப்பில் புள்ளிகள் எதுவுமே தெரியவில்லை, பத்து நிமிடம் எல்லோரும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காரணம் சின்னது. இடங்களைக் குறித்து வைக்கிற ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அப்புறம். லீஃப்லெட்டுக்குக் கையால் கொடுக்கும்போது அட்சரேகை முதலில். நம்ம பக்கம் தோராயமாக அட்சரேகை 13.1, தீர்க்கரேகை 80.3. மாற்றிப் போட்டால் காசிமேடு ஆர்க்டிக் கடலுக்குள் போய்விடும், அங்கேதான் அவருடைய புள்ளிகள் எல்லாம் இருந்தன.

மண்டபத்து இணையத்தை நம்பவே நம்பாதீர்கள். பேச்சாளர்கள் தங்கள் மேப்பை இணையம் இல்லாமல் ஓடுகிற மாதிரி கொண்டுவரச் சொல்லி முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அதற்காக ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் டைல் சர்வரிலிருந்து மேப் துண்டுகளை மொத்தமாக இறக்கக்கூடாது, அவர்களுடைய விதி அதை அனுமதிப்பதில்லை. ஜியோஃபாப்ரிக் தளத்தில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தென்னிந்தியப் பகுதித் தரவு தனியாகக் கிடைக்கிறது, அதில் சென்னையை மட்டும் வெட்டி பிஎம்டைல்ஸ் (மேப் துண்டுகள் எல்லாம் ஒரே கோப்பில்) கோப்பாக்கினால் ஒரே பென் டிரைவில் அடங்கிவிடும். திரையின் மூலையில் ‘ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்ற வரி தெரிகிறதா என்றும் பாருங்கள், அது உரிம நிபந்தனை.

ஆளுக்கு 25 நிமிடம் பேச்சு, 15 நிமிடம் கேள்வி. ஒரு நாளைக்கு ஆறு பேர் போதும், ஏழாவது ஆளைக் கேட்க யாருக்கும் தெம்பு இருக்காது. முதல் கேள்வி கல்லூரிப் பிள்ளைகளிடமிருந்து வரட்டும், இரண்டு பேரிடம் முன்பே சொல்லி வைத்தால் மற்றவர்களுக்கும் கூச்சம் விடும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் தண்டையார்பேட்டை வரச் சொல்லுங்கள், காரில் வந்தால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொள்வார்கள். பயணச் செலவை அன்றைக்கே, அவர்கள் கிளம்புவதற்கு முன்பே, கையில் கொடுத்துவிடுங்கள்.