உண்ணி கடித்த இடம் வீங்கினால் செய்யக் கூடாதவை

நாய், மாடு, ஆடு வளர்க்கிற வீடுகளில் உண்ணிக்கடி புதிதில்லை. கடித்த இடம் வீங்கிப் புண்ணாவதற்குப் பல நேரம் உண்ணியைவிட நம் அவசரமே காரணம். தீக்குச்சியால் சுடுவார்கள், மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள், சுண்ணாம்பு தடவுவார்கள். சுட்டால் வேகுவது நம் தோல்தான். எண்ணெய் பூசித் தானாக விழட்டும் என்று காத்திருந்தால், அதுவரை அது ரத்தம் குடித்துக்கொண்டே இருக்கும். ஒட்டியிருக்கிற நேரம் கூடக்கூட கிருமி உடலுக்குள் இறங்கும் வாய்ப்பும் கூடும்.

கூர்முனை இடுக்கியால் உண்ணியைத் தோலோடு ஒட்டிய இடத்தில் பிடித்து, முறுக்காமல் நேராக, நிதானமாக மேலே இழுங்கள். நகத்தால் நசுக்க வேண்டாம். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாய்ப்பகுதி உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டால் ஊசியால் நோண்டாதீர்கள். நாளடைவில் தோலே அதை வெளியே தள்ளிவிடும். நோண்டினால்தான் சீழ் பிடிக்கும்.

முதல் ஓரிரு நாள் சின்னதாகச் சிவந்து அரிப்பது உண்ணியின் எச்சிலுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு. துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வைத்தால் வீக்கம் தணியும். வலிக்குப் பாராசிட்டமால், அரிப்புக்கு செட்டிரிசின் போதும். செட்டிரிசின் போட்டால் தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்டே மாத்திரை கொடுங்கள். சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ சீழ் வைத்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

வலியை மட்டும் கவனிப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. தமிழ்நாட்டில் மழைக்காலத்தை ஒட்டி அதிகம் வருகிற ஸ்க்ரப் டைபஸை 'உண்ணிக் காய்ச்சல்' என்கிறார்கள். அதைப் பரப்புவது நாயுண்ணி அல்ல. புதர், புல்வெளிகளில் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சியின் இளம்பருவம். கடித்தது தெரியாது, வலிக்காது. சிலருக்கு மட்டும் அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். பத்து நாள் வாக்கில் கடுமையான காய்ச்சலும் தலைவலியும் வரும். ரத்தத் தட்டணுக்கள் குறைவதால் டெங்கு என்று நினைத்துவிடுவதும் உண்டு.

இந்த நிலையில் மெடிக்கலில் கேட்டு அமாக்சிசிலின் வாங்கிப் போடாதீர்கள். அது இந்தக் கிருமியிடம் வேலை செய்யாது. மருத்துவர் தருகிற டாக்சிசைக்ளின் போன்ற மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கலாம். காய்ச்சலோடு போகும்போது உண்ணி கடித்ததையும் புதர்ப்பக்கம் போய்வந்ததையும் சொல்லுங்கள். கூச்சப்படாமல் அந்தப் பொருக்கையும் காட்டுங்கள்.