சுஷி செய்யும்போது சோற்றில் கோட்டை விடாதீர்கள்

டோக்கியோவில் எங்கள் பகுதியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அவ்வப்போது சுஷி செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். புதிதாக வருபவர்கள் எல்லாரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். தொடக்கத்தில் நானும் சறுக்கிய இடங்கள்தான் அவை. கத்தி கூராக இருக்க வேண்டும், கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் நாளே சோறாக்கி ஃப்ரிட்ஜில் வைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. தெரிந்த ஒருவர் வீட்டு விருந்துக்காகச் சூரை மீனின் வயிற்றுப் பகுதியான சூதோரோவை வாங்கினார். கடையில் இருந்ததிலேயே விலை கூடியது அதுதான். காலையில் அவசரப்பட வேண்டாமே என்று சோற்றை முந்தின இரவே ஆக்கி, வினிகர் கலந்து, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார். மறுநாள் எவ்வளவு பிடித்தாலும் பருக்கை ஒட்டவில்லை. இன்னும் அழுத்தினார், கட்டியாகிவிட்டது. வாயில் போட்டால் அரைவேக்காட்டு அரிசி போல நறநறத்தது. வந்தவர்கள் மீனை எடுத்துக்கொண்டு சோற்றைத் தட்டிலேயே ஒதுக்கினார்கள். அவ்வளவு பணமும் வீண்.

அரிசி வேகும்போது அதிலுள்ள மாவுச்சத்து நீரை உறிஞ்சி இளகுகிறது. ஆறினால் மெல்ல மெல்லப் பழையபடி இறுகத் தொடங்கும். ஃப்ரிட்ஜின் குளிரில், அதாவது 0 முதல் 5 டிகிரிக்குள், அது மிக வேகமாக நடக்கும். வழக்கமான சோறென்றால் மறுபடி சூடாக்கிச் சாப்பிட்டுவிடலாம். மேலே பச்சை மீனை வைக்க வேண்டிய சோற்றை எப்படிச் சூடாக்குவது?

"வெளியே வைத்தால் கெட்டுப் போகாதா?" என்று கேட்கிறார்கள். அதற்குத்தானே வினிகர்! சுஷி பிறந்ததே மீனைக் கெடாமல் காப்பதற்குத்தான். பிவா ஏரிப் பக்கம் இன்றும் ஃபுனாசுஷி போடுகிறார்கள். உப்பிட்ட கெண்டை இன மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். அந்தப் புளிப்பை உடனே கொண்டுவரும் வழியாகப் பிற்காலத்தில் வினிகர் வந்தது. 1820களில் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஹனாயா யோஹெய் என்ற சுஷிக்காரர், கையால் பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டை வைக்கும் நிகிரியைப் பிரபலமாக்கினார் என்பார்கள். சரியான அளவு வினிகர் சேர்ந்த சோற்றை ஈரத்துணி போட்டு மூடி வைத்தால் மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும். அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

செய்முறை இதுதான். 300 கிராம் ஜப்பானியக் குட்டை அரிசியைத் தண்ணீர் ஏறக்குறையத் தெளியும்வரை கழுவி, அரை மணி நேரம் ஊற வைத்து, வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவான தண்ணீரில் வேக வையுங்கள். 45 மில்லி அரிசி வினிகரில் 2 மேசைக்கரண்டி சர்க்கரையும் 1 தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளுங்கள். ஹங்கிரி என்ற அகன்ற மரத்தொட்டியை நனைத்துத் துடைத்து, ஆவி பறக்கும் சோற்றை அதில் கொட்டி, சூடு ஆறுமுன் வினிகரைப் பரவலாக ஊற்ற வேண்டும். சூட்டில்தான் பருக்கை அதை உள்ளே இழுக்கும். ஆறிய சோற்றில் ஊற்றினால் தொட்டியின் அடியில் தேங்கி நிற்கும். மரக்கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, வெட்டுவது போலக் கிளறுங்கள், குழைத்துவிடாதீர்கள். வினிகர் உள்ளே இறங்கிய பிறகே விசிற வேண்டும். மேலீரம் போய் ஒவ்வொரு பருக்கையும் பளபளக்கும். கொஞ்சம் எடுத்துப் புறங்கையில் வைத்துப் பாருங்கள். சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. அந்தப் பதத்தில் பிடிக்கத் தொடங்கலாம்.

பொன்னியும் பாஸ்மதியும்

வேண்டாம், ஒட்டாது.

நிகிரியை இறுக்குவது

ஒரு நிகிரிக்கு 15 முதல் 20 கிராம் சோறு போதும். வினிகர் கலந்த தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு, மீன் துண்டின் அடியில் வசாபி என்ற காரமான பச்சை விழுதைத் துளி தடவி, அதன் மேல் சோற்றை வைத்து இரண்டு மூன்று தடவை மெதுவாக அழுத்தித் திருப்பினால் முடிந்தது. பிடிகொழுக்கட்டை போல இறுக்கிவிடுகிறார்கள். பருக்கைகளுக்கு நடுவே காற்று இருக்க வேண்டும். விரலால் தூக்கும்போது உதிரக் கூடாது, வாய்க்குள் போனதும் தானாகப் பிரிய வேண்டும். சாப்பிடும்போது மீன் பக்கத்தைத்தான் சோயா சாஸில் தொட வேண்டும். சோற்றைத் தோய்த்தால் அது சாஸைக் குடித்து அங்கேயே உடைந்து விழும். அழுத்த ஆசையாக இருந்தால் ஒசாகாவின் ஒஷிசுஷி செய்யுங்கள். மரச்சட்டத்துக்குள் சோறும் அயிலை வகை மீனும் அடுக்கி, பலகையால் அமுக்கி, துண்டு போடுவார்கள்.

நோரிக்குள் எல்லாவற்றையும் திணிப்பது

நோரி என்பது சோற்றைச் சுருட்டும் கடற்பாசித் தாள். ஹோசோமாகி என்ற மெல்லிய சுருள் என்றால் அரைத் தாள், உள்ளே ஒரே ஒரு பொருள். வெள்ளரிக்காய் மட்டும், சூரை மட்டும். நாலைந்து பொருள் வேண்டுமென்றால் முழுத் தாளில் தடித்த ஃபுதோமாகி சுருட்டலாம். எதுவானாலும் பளபளப்பான பக்கம் வெளியே இருக்கட்டும், சோற்றை மெல்லிசாகப் பரப்புங்கள், தூர ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள். சோறு வெளியே வரும் உராமாகிக்குச் சுருட்டப் பயன்படும் மூங்கில் பாயின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொள்ள வேண்டும். கூம்பாகச் சுருட்டும் தெமாகியையும், சோற்றைச் சுற்றி நோரி கட்டி மீன் முட்டை வைக்கும் குங்கனையும் செய்த கையோடு தின்றுவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் மொறுமொறுவென்று இருக்கும் நோரி தோலாகிவிடும்.

"இப்பதான் பிடிச்ச மீன்" என்று நம்புவது

இது ருசி சம்பந்தப்பட்ட தவறல்ல, உடம்பைப் படுத்திவிடும். அனிசாகிஸ் என்ற புழு உயிரோடு பிடித்த மீனிலும் இருக்கும். அயிலை, கணவாய், கடலில் பிடித்த சால்மன் எல்லாவற்றிலும் வரலாம். வினிகருக்கும் வசாபிக்கும் அது சாகாது. மீனின் நடுப்பகுதி வரை மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரமாவது உறைந்திருக்க வேண்டும். அமெரிக்க விதியில் அதுவே 7 நாள். வீட்டு ஃப்ரிட்ஜின் உறைபெட்டியை நம்ப வேண்டாம். பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றே விற்கும் மீனை வாங்குங்கள். ஜப்பானியர்களே சால்மனைப் பச்சையாகத் தின்னத் தயங்கியவர்கள்தான். 1980களில் நார்வே தன் பண்ணை சால்மனை இங்கே கொண்டுவந்த பிறகுதான் அது சுஷியில் ஏறியது.

மீனில்தான் தொடங்க வேண்டும் என்று நினைப்பது

தேவையே இல்லை. சோற்றின் மேல் முட்டையும் காய்களும் தூவும் சிராஷி, பொரித்த டோஃபு பையில் சோறு அடைக்கும் இனாரி, இரண்டிலும் முதலில் கை பழகட்டும். இனாரிக்குப் பையைச் சோயா, சர்க்கரைச் சாற்றில் கொதிக்க வைத்து, ஆறியதும் உள்ளங்கைக்குள் வைத்துப் பிழிந்துவிட்டு அடையுங்கள். பிழியாமல் அடைத்தால் சோறு சொதசொதவென்று ஆகிவிடும்.