ஐஸ்ல வெச்சா கெடாதுன்னு யார் சொன்னது?

புதிதாகச் சேர்ந்த கிராம சுகாதார செவிலியர்களுக்குத் தடுப்பூசிப் பயிற்சி கொடுக்கப் போகும்போதெல்லாம், நாங்கள் ஆரம்பத்தில் அடித்த கூத்தையே இவர்களும் அடிப்பதைப் பார்க்கிறேன். கை கழுவுவது, சிரிஞ்சை மறுபடி மூடாமல் இருப்பது எல்லாம் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

உறையவைப்பது

இதைத்தான் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. சூட்டில் தடுப்பூசி கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் எவ்வளவு குளிரோ அவ்வளவு பத்திரம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கொரோனா சமயத்தில் ஃபைசர் ஊசிக்கு மைனஸ் 70 டிகிரி வேண்டும் என்று செய்தியில் ஓயாமல் சொன்னது இந்த நினைப்பை இன்னும் கெட்டியாக்கியது. அது எம்.ஆர்.என்.ஏ. வகை, கணக்கே வேறு. நம் ஊரில் போட்ட கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டுக்கும் 2 முதல் 8 டிகிரிதான். உறையவே கூடாது.

பென்டாவேலன்ட் (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி), டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னிக்கு), ஹெபடைடிஸ் பி ஆகியவற்றில் அலுமினிய உப்பு சேர்ந்திருக்கிறது. உடம்பின் எதிர்ப்பை நன்றாகக் கிளப்பிவிடுவது அதன் வேலை. உறைந்தால் அந்தத் துகள்கள் கட்டிதட்டிவிடும். உருகினாலும் பழையபடி ஆகாது. ஹெபடைடிஸ் பி மைனஸ் அரை டிகிரியிலேயே உறையும்.

ஒரு கோடையில் ஒரு சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். தடுப்பூசி வைக்கும் குளிர்பதனப் பெட்டிக்கு ஐ.எல்.ஆர். என்று பெயர். "அக்னி நட்சத்திரம் மேடம், அதான் ஐ.எல்.ஆர். குளிரை முழுசாக் கூட்டி வெச்சிட்டேன்" என்றார் பார்மசிஸ்ட் தம்பி, பெருமையாக. பென்டாவேலன்ட் குப்பிகள் கூடையில் இல்லை. அடியில், சுவரை ஒட்டிக் கிடந்தன. ஐ.எல்.ஆரில் அடிப்பகுதிதான் அதிகக் குளிர். அங்கே போலியோ சொட்டு மருந்தும் எம்.ஆரும் (தட்டம்மை, ரூபெல்லா ஊசி) இருக்கலாம், இவை மேலே கூடையில்தான் இருக்க வேண்டும். ஒன்றை எடுத்துக் குலுக்கினேன். திப்பிதிப்பியாக இறங்கியது.

"வி.வி.எம். நல்லாத்தானே இருக்கு மேடம்?"

வி.வி.எம். என்பது குப்பியில் இருக்கும், நிறம் மாறும் அடையாளம். அது சூடு பட்டதைத்தான் காட்டும். உறைந்ததைக் காட்டவே காட்டாது. அதே பேட்ச்சில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து, மறுநாள் உருக்கி, இரண்டையும் சேர்த்துக் குலுக்கி மேசையில் வைத்தோம். இரண்டும் ஒரே வேகத்தில் படிந்தன. அதாவது, இதுவும் உறைந்து போனதுதான்.

குப்பிகளை ஒதுக்கியதோடு தீர்ந்ததா? ஊசி போடும் நாளான முந்தைய புதன்கிழமைகளில் எந்தக் குழந்தைக்கு உறைந்தது போனது, எதற்கு நல்லது போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கார்டில் எல்லோருக்கும் டிக் இருந்தது. தொண்டை அடைப்பான் ஊருக்குள் வந்தால் கார்டைப் பார்த்தா திரும்பிப் போகும்?

ஊசி போடும் இடத்துக்குக் குப்பிகளை எடுத்துப்போகும் கேரியர் பெட்டியிலும் இதே கதைதான். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே அடுக்குகிறார்கள். வெளியே வைத்து, அது வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகு அடுக்க வேண்டும். காலையில் வந்ததும் முதல் வேலையாக எடுத்து வெளியே வைத்துவிட்டால் அவசரமே இல்லை.

திறந்த நேரத்தை எழுதாதது

எம்.ஆர்., பி.சி.ஜி. (காசநோய்க்கு) இவற்றின் தூளை அதனதன் கரைப்பானில் கலக்கினால் 4 மணி நேரம்தான் தாங்கும். எழுதுங்கள்.

குப்பி மூடியில் ஊசியைக் குத்தியே வைப்பது

வேண்டாம்.

"ஊசி போட்டா நோயே வராது" என்று வாக்குக் கொடுப்பது

2021இல் இப்படிச் சொல்லிவிட்டு, போட்டவர்களுக்கும் டெல்டா வந்தபோது தெருவில் தலைகாட்ட முடியாமல் தவித்தவர்கள் உண்டு. நோய் முற்றி ஆக்சிஜன் வரை போகாமல் தடுத்ததுதான் கொரோனா ஊசியின் பெரிய பலன். அதைச் சொன்னாலே ஜனங்கள் கேட்பார்கள்.

தட்டம்மை வேறு ரகம். இரண்டு தவணை போட்டால் பெரும்பாலும் வராது. ஆனால் எதிர்ப்பில்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் போகும். அதனால்தான் 100க்கு 95 பேருக்காவது எதிர்ப்பு வேண்டும் என்கிறோம். கொரோனா பரபரப்பில் 2021இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 2.5 கோடிக் குழந்தைகளுக்கு டி.பி.டி.யில் ஒரு தவணையாவது தவறியது. 2022 கடைசியில் மும்பையில் தட்டம்மை கிளம்பியது. கொள்ளைநோய்ப் பணி என்று உங்களை எங்கே அனுப்பினாலும், அந்த வாரப் புதன்கிழமை யார் ஊசி போடுவது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். யாரும் இல்லையென்றால், விடுபட்ட குழந்தைகளின் பட்டியலை அடுத்த வாரமே எடுத்துவிடுங்கள்.